ஈறில் ரத்தம் வருகிறது, இன்னொரு மாத்திரை கூட்டிக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. சளி பிடிக்காமல் இருக்கட்டும் என்று நான்கு வருடமாகத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுகிறேன், தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையுமே, அந்த வகை. ஆனாலும் வருடத்துக்கு இரண்டு முறை சளி பிடிக்கத்தான் செய்கிறது. ஆறு மாதமாகப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. வைட்டமின் சி குறைந்தால் அப்படி வரும் என்று படித்ததால் இரண்டு மாத்திரையாக்கினேன். ரத்தம் நிற்கவில்லை. மூன்றாக்கலாமா? ஐந்து வருடத்துக்கு முன் சிறுநீரகக் கல் வந்து தானாக வெளியேறியது. மனைவி தன் இரும்புச்சத்து மாத்திரையோடு பாதி மாத்திரை சேர்த்துக்கொள்கிறார். அப்பாவுக்கும் கொடுத்துப் பார்த்தேன், புளிப்பு வயிற்றுக்கு ஆகாது என்று தள்ளிவிட்டார். அவருக்கு 74 வயது. அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார். ரொட்டி, டீ, பிஸ்கட், இதுதான் சாப்பாடு. பாதிப் பல் இல்லை. சிகரெட்டை விடவில்லை. கால்வலி, அசதி என்று படுத்தே கிடக்கிறார், கணுக்காலுக்கு மேலே அங்கங்கே கருநீலமாகக் கன்றியிருக்கிறது. வயசாயிடுச்சு என்கிறார். அவரை எப்படி மாத்திரை சாப்பிட வைப்பது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகர்)

பதில்:

மூன்றாவது மாத்திரை வேண்டாம். இரண்டாவதும் வேண்டாம், முதலாவதும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தின் முதல் பாதியைச் சாய்ந்து உட்கார்ந்துதான் படித்தேன். அப்பாவைப் பற்றிக் கடைசியில் எழுதிய நாலு வரியில் நிமிர்ந்துவிட்டேன். அதனால் முதலில் அவர்.

தனியாக இருக்கும் முதியவர், பழமும் காய்கறியும் இல்லாத சாப்பாடு, சிகரெட், அசதி, கால்வலி, காலில் ரத்தக்கட்டு. இவ்வளவும் ஒருவரிடம் சேர்ந்து வந்தால் வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் ஸ்கர்வியா என்று ஒரு மருத்துவர் கேட்டே ஆக வேண்டும். கடலோடிகளுக்கு வந்த பழைய நோய்தானே, இப்போது யாருக்கு வருகிறது என்று நினைப்பீர்கள். நாங்களும் அப்படி நினைத்துத்தான் கோட்டை விடுகிறோம். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த வார்டில் ஒரு மூதாட்டி இருந்தார். காலெல்லாம் கன்றிப் போய் வந்திருந்தார். ரத்தம் உறையும் தன்மை, ரத்தக்குழாய் அழற்சி, காலில் ரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பதினைந்து நாள் ஓட்டினோம். கடைசியில் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “வீட்டில் என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்டார். டீயில் நனைத்த ரொட்டி என்றார் அந்த அம்மா. எத்தனை நாளாக? ஒரு வருடத்துக்கு மேல். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது. வைட்டமின் சி ஆரம்பித்த மூன்றாம் நாள், எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்.

பெரும்பாலான விலங்குகள் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. ஓர் ஆடு சர்க்கரையிலிருந்து அதைத் தன் ஈரலிலேயே செய்துகொள்ளும். மனிதனுக்கும் குரங்குகளுக்கும் கினிப் பன்றிக்கும் சில வௌவால்களுக்கும் அந்த வேலையின் கடைசிப் படியைச் செய்யும் நொதி கிடையாது. அதற்கான மரபணு நம்மிடம் இருக்கிறது, ஆனால் சிதைந்து செயலற்றுப் போய்விட்டது. ஆகவே சாப்பாட்டில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அப்பாவின் காலை வைத்தே சொல்கிறேன். தோல், ரத்தக்குழாய்ச் சுவர், ஈறு, எலும்பு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று புரி முறுக்கிய கயிறு மாதிரி அது. புரிகள் முறுக்கேறி நிற்க வேண்டுமானால் அவற்றில் சில இடங்களில் ஒரு சின்ன வேதி மாற்றம் நடக்க வேண்டும். அதைச் செய்யும் நொதியின் நடுவே ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. வேலை செய்யச் செய்ய அது கெட்டுப் போகும், வைட்டமின் சி அதை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவரும். அது இல்லாதபோது கயிறு முறுக்கேறாது. மெல்லிய ரத்தக்குழாய்கள் கசியும். நிற்கும்போது ரத்தத்தின் அழுத்தம் கால்களில்தான் அதிகம் என்பதால் கசிவும் அங்கேதான் முதலில் தெரியும்.

கொலாஜன் ஒரு தடவை கட்டி முடித்தால் தீர்ந்தது என்கிற சமாச்சாரமும் இல்லை. பழையது கரையக் கரையப் புதிது வந்துகொண்டே இருக்க வேண்டும். 1740-இல் ஆன்சன் என்ற பிரிட்டிஷ் தளபதியின் கப்பல்கள் உலகைச் சுற்றக் கிளம்பின. அந்தப் பயணக் குறிப்பில் ஒரு மாலுமி வருகிறார், ஐம்பது வருடத்துக்கு முன் போரில் பட்டு ஆறிப் போயிருந்த காயம் ஸ்கர்வியில் அவருக்கு மறுபடி பிளந்துகொண்டது. ஆறிய தழும்பைக்கூட உடம்பு தினமும் பராமரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

சோர்வுக்கும் விளக்கம் உண்டு. கொழுப்பைத் தசைச் செல்லுக்குள் எரிபொருளாகக் கொண்டுபோகும் கார்னிட்டின், நரம்புகள் பயன்படுத்தும் நார்அட்ரினலின், இரண்டையும் தயாரிக்க வைட்டமின் சி தேவை. ரத்தக்கசிவு வெளியே தெரிவதற்கு முன்பே அசதியும் மனச்சோர்வும் வருவது இதனால்தான் என்று நம்பப்படுகிறது. “வயசாயிடுச்சு” என்ற சொல்லுக்குள் அது சுலபமாக ஒளிந்துகொள்ளும். அதிலும் துணையை இழந்தவர் என்றால் துக்கம் என்று நாமே பெயர் வைத்துவிடுவோம்.

எவ்வளவு நாளில் இந்த நிலைக்கு வருவார்கள்? உடம்பில் இருப்பு நிறைந்திருந்தால் சுமார் 1500 மில்லிகிராம். அது 300-350 அளவுக்கு இறங்கும்போது அறிகுறிகள் தலைகாட்டும். சாப்பாட்டில் அறவே இல்லையென்றால் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம். 1939-இல் பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் தன் மேலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். பழமோ காய்கறியோ இல்லாத உணவு, மற்ற வைட்டமின்கள் மட்டும் மாத்திரையாக. ஆறு வாரத்தில் ரத்தத்தின் பிளாஸ்மாவில் வைட்டமின் சி இல்லாமல் போனது. ஆனால் மூன்றாம் மாதம் முதுகில் வேண்டுமென்றே போட்ட வெட்டு ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதம் போட்ட வெட்டு மேலே மூடியதுபோல் தெரிந்தது, திறந்து பார்த்தால் உள்ளே ஒட்டவே இல்லை. வைட்டமின் சி ஊசி போட்டபின் அதே காயம் ஆறியது. அவர் நல்ல இருப்போடு ஆரம்பித்த இளைஞர், தாக்குப்பிடித்தார். உங்கள் அப்பா புகைப்பவர். புகை வைட்டமின் சியை வேகமாகத் தின்றுவிடும் என்பதால்தான் புகைப்பவர்களுக்கு நாளுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும் என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், டார்ச் இருந்தால் டார்ச் அடித்து, முழங்காலுக்குக் கீழே தோலை நிதானமாகப் பாருங்கள். பெரிய கன்றல்களை விடுங்கள், அவை பல காரணத்தால் வரும். ஒவ்வொரு முடியின் அடியிலும் பாருங்கள். முடி முளைக்கும் துளையைச் சுற்றிக் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளி இருக்கிறதா? விரலால் அழுத்தினால் மறையாமல் நிற்கிறதா? முடி நேராக இல்லாமல் ஸ்பிரிங் போலச் சுருண்டோ ஒடிந்து வளைந்தோ இருக்கிறதா? இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் ஸ்கர்வியின் கையெழுத்து என்றே சொல்லலாம். இல்லாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, மருத்துவர் பார்க்கத்தான் வேண்டும். ஈறை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். ஸ்கர்வியில் ஈறு வீங்குவது பல்லைச் சுற்றித்தான். பல் போன இடத்தில் ஈறு பார்க்க நன்றாகவே இருக்கும்.

மருத்துவரிடம் போகும்போது அப்பா என்ன சாப்பிடுகிறார் என்பதை மருத்துவர் கேட்காமலேயே நீங்கள் சொல்லுங்கள். இதய நோய்க்கோ வேறெதற்கோ ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள், அதனாலும் இப்படிக் கன்றும். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். தட்டணுக்கள், ரத்தசோகை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள். வைட்டமின் சி அளவையும் ரத்தத்தில் பார்க்கலாம், ஆனால் அது கடைசி சில நாள் சாப்பாட்டைத்தான் காட்டும். பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் நீங்கள் பழமாக ஊட்டிவிட்டால் அளவு சரியாக இருப்பதுபோல் வந்து எல்லோரையும் குழப்பும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ இந்த வாரம் என்றுகூடப் பார்க்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

ஸ்கர்விதான் என்று முடிவானால் சிகிச்சையின் அளவை அவர்கள் சொல்வார்கள். மருத்துவத்தில் இவ்வளவு சீக்கிரம் பலன் தெரியும் வைத்தியம் குறைவு. அசதி ஓரிரு நாளில் குறையும், ரத்தக்கசிவு ஒன்றிரண்டு வாரத்தில், முழுதும் தேற மூன்று மாதம்.

அப்புறம் அவருடைய புளிப்புப் பயம். வைட்டமின் சி என்றால் புளிப்பு என்ற எண்ணம் உங்களுக்கும் இருக்கிறது போலிருக்கிறது. 100 கிராம் எலுமிச்சைச் சாற்றில் சுமார் 39 மில்லிகிராம், ஆரஞ்சில் 53. புளிக்காத பப்பாளியில் 60. சிவப்புக் குடைமிளகாயில் 128. கொய்யாவில் 228. எலுமிச்சை புளிப்பது சிட்ரிக் அமிலத்தால், அதற்கும் வைட்டமினுக்கும் சம்பந்தமில்லை. பல் இல்லாதவருக்குப் பழுத்த பப்பாளியை நசுக்கிக் கொடுத்தால் வயிறும் எரியாது, மெல்லவும் வேண்டாம். கொய்யாவை விதை நீக்கி மசித்துக் கொடுக்கலாம். உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து மசித்தாலும் கொஞ்சம் கிடைக்கும். இந்த வைட்டமின் தண்ணீரில் கரையும், சூட்டிலும் காற்றிலும் சிதையும். ஆகவே நறுக்கி நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டினால், பாதியைக் கொட்டியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் வராமல் தடுக்க எவ்வளவு சின்ன அளவு போதும் என்பதையும் அவரிடம் சொல்லலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தன்னார்வலர்களை வைத்துச் செய்த ஆய்வில் நாளுக்கு 10 மில்லிகிராம் ஸ்கர்வியைத் தடுத்தது, வந்தவர்களைக் குணப்படுத்தவும் செய்தது. 10 மில்லிகிராம் என்பது கொய்யாவில் ஒரு கடி. உடம்பு சௌகரியமாக இருக்க இதைவிட அதிகம் வேண்டும்தான். பிரிட்டன் 40 என்கிறது, உலக சுகாதார நிறுவனம் 45, அமெரிக்கா ஆண்களுக்கு 90. எதிலும் ஆயிரம் இல்லை.

சரி, உங்களிடம் வருவோம்.

உங்கள் ஈறில் வரும் ரத்தத்துக்கும் வைட்டமின் சிக்கும் தொடர்பில்லை. தினம் 2000 மில்லிகிராம் விழுங்கும் ஒருவருக்கு ஸ்கர்வி வருவது, தொட்டிக்குள் நிற்பவர் தாகத்தில் சாவது மாதிரி. ஸ்கர்வி ஈறு வீங்கி, ஊதா நிறமாகி, பஞ்சு போல இருக்கும். தேய்க்கும்போது மட்டும் கசியும் ஈறு என்றால் பெரும்பாலும் பல்லடியில் படிந்து இறுகிய காரைதான் காரணம். பல் மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் சில வாரத்தில் நிற்கும். போகும்போது கரையும் மாத்திரை பற்றியும் சொல்லுங்கள். அது அமிலம். நான்கு வருடமாகத் தினமும் அந்தத் தண்ணீரைப் பல்லில் அலசி வந்திருக்கிறீர்கள், எனாமல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். நுரைப்பதற்காகச் சேர்க்கும் சோடா உப்பில் சோடியமும் கணிசமாக இருக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

சளி விஷயம். இந்த நம்பிக்கையை உலகம் முழுக்கப் பரப்பியவர் சாதாரண ஆளில்லை. லைனஸ் பாலிங், இரண்டு நோபல் பரிசுகள் வாங்கிய வேதியியலாளர். 1970-இல் வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்று ஒரு புத்தகம் எழுதினார், மாத்திரை விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அதன்பிறகு பல ஆய்வுகள் நடந்தன. 11,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்து 2013-இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தினமும் சாப்பிடுவதால் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி கொஞ்சம் சீக்கிரம் போகிறது, பெரியவர்களுக்கு 8 சதவீதம். ஏழு நாள் சளியில் அது அரை நாள். அந்த அரை நாளுக்கும் வருடம் முழுக்கத் தினமும் சாப்பிட வேண்டும். சளி பிடித்தபின் ஆரம்பித்தால் நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. மாரத்தான் ஓடுபவர்கள், கடும் குளிரில் பயிற்சி செய்த சிப்பாய்கள் போன்றவர்களுக்கு மட்டும் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது. நீங்கள் மாரத்தான் ஓடுவதாக எழுதவில்லை!

“அதிகம் போனால் நல்லதுதானே, மிஞ்சியது வெளியே போய்விடும்” என்பார்கள். மிஞ்சியது வெளியே போவது உண்மை. 1996-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஏழு ஆரோக்கியமான இளைஞர்களை மாதக்கணக்கில் மருத்துவமனையிலேயே வைத்து அளந்து பார்த்தார்கள். நாளுக்கு 200 மில்லிகிராம் போனபோதே ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட உச்சத்தைத் தொட்டுவிட்டது. அதற்குமேல் குடலும் முழுதாக உறிஞ்சுவதில்லை, சிறுநீரகமும் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் போகிற வழியில் என்ன செய்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். ஒரு பகுதி உடம்பில் ஆக்சலேட்டாக மாறி, சிறுநீர் வழியே வெளியேறுகிறது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்தான். ஸ்வீடனில் 23,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பதினோரு வருடம் கவனித்த ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கல் வந்துவிட்டது. வலி எப்படி இருந்தது என்று நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு மேல் வரம்பு என்று அமெரிக்காவில் வைத்திருப்பது 2000 மில்லிகிராம், நீங்கள் இப்போது நிற்பது சரியாக அந்தக் கோட்டின் மேல். நாளையே நிறுத்துங்கள்.

இன்னொன்று, நிறுத்துவதற்கு முன் ஏதாவது பரிசோதனைக்குப் போவதாக இருந்தால் இந்த மாத்திரை பற்றிச் சொல்லிவிடுங்கள். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் ஒருவகைச் சோதனையில், ரத்தம் இருந்தாலும் இல்லை என்று காட்ட வைக்கும். சிறுநீரில் முக்கிப் பார்க்கும் பட்டையிலும் இதே சிக்கல் உண்டு.

மனைவியிடம், அந்தப் பாதி மாத்திரையால் பெரிய லாபம் இல்லை என்று சொல்லுங்கள். 2020-இல் ரத்தசோகை உள்ள 440 பேரிடம் பார்த்தபோது இரும்பு மாத்திரையைத் தனியாக எடுத்தவர்களும் வைட்டமின் சியோடு எடுத்தவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உறிஞ்ச அது நன்றாக உதவும், அதற்குச் சாப்பாட்டோடு ஒரு பழத் துண்டு போதும்.

ஆக, மூன்று பேரில் மாத்திரை வேண்டாத இருவர் சாப்பிடுகிறீர்கள், வேண்டியிருக்கக்கூடிய ஒருவர் சாப்பிடவில்லை. அப்பாவிடம் இனி மாத்திரை பேச்சை எடுக்காதீர்கள், அதில் அவர் ஏற்கெனவே ஜெயித்துவிட்டார். பப்பாளியை வெட்டி ஒரு கிண்ணத்தில் போட்டு நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஆனால் ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகு. மருத்துவர் பார்த்துவிட்டு என்ன சொன்னார், டார்ச் வெளிச்சத்தில் அந்த முடிகள் எப்படி இருந்தன என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.